மாதிரிக் கையெழுத்து

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

நலமான்னு கேட்டு ஆரம்பிச்சா ரெண்டு பேருக்கும் சங்கடம். நேரா விஷயத்துக்கு வரேன்.

போன் பண்ணா நீங்க எடுக்க மாட்டேங்கறீங்க. எடுத்தாலும் என் இடது காது முப்பது வருஷ பஸ் ஹாரன்ல போயிடுச்சு. வலது காதுல நீங்க பேசறது 'ம்'னு மட்டும்தான் விழுது. அதான் கடுதாசி.

டெப்போவுல ரிட்டயர் ஆனப்ப குடுத்த பணம் அப்படியே கெடக்கு. என் பொண்ணுக்குன்னு வச்சிருந்தது. இனிமே அது பேத்திங்களுக்குத்தான். ஆளுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொறந்து போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். எங்க தெருமுனை பேங்க்லதான். கல்யாணம் ஆன புதுசுல நீங்க ரெண்டு பேரும் சேந்து கணக்கு தொறந்தீங்களே, அதே பேங்க். புள்ளைங்களுக்கு கார்டியன் நீங்க. உங்க மாதிரிக் கையெழுத்து போட்ட கார்டு ஏற்கனவே அவங்ககிட்ட இருக்கறதால நீங்க நேர்ல வர வேண்டியதில்லயாம். கவுண்டர் அம்மா சொன்னா. ஃபாரம் ரெண்டு வச்சிருக்கேன். பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கற எடத்துல எல்லாம் கையெழுத்து. கருப்பு இங்க். நீலம் கூடாது. பெரியவளோட ஸ்கூல் கார்டு நகல் ஒண்ணு, பொட்டலத்தோட பிறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு. (பொட்டலம்னுதான இன்னும் கூப்பிடறீங்க? ஆஸ்பத்திரிலேந்து சுத்தி எடுத்துட்டு வந்தப்ப என் பொண்ணு வச்ச பேரு. மாத்திடாதீங்க.)

'தாயார் பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. பேரு எழுதிட்டேன். முன்னால 'மறைந்த'ன்னு போடணுமாம். அந்த வார்த்தைய நான் எழுதல. நீங்க எழுதிக்குங்க.

உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, "பணத்த பத்தியே எழுதறீங்களே, புள்ளைங்கள எப்ப கூட்டிட்டு வருவார்னு கேளுங்க"ங்கறா. கேட்டாச்சு. அஞ்சு மாசம் ஆச்சு மாப்பிள்ளை.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 14

மாமா,

ஃபாரம் ரெண்டுலயும் கையெழுத்து போட்டாச்சு. நகல் ரெண்டும் உள்ள இருக்கு. கருப்பு இங்க்தான். நீங்க விட்ட வார்த்தைய எழுதிட்டேன்.

பெரியவ ஸ்கூலுக்குப் போறா. பொட்டலம் பகல்ல பக்கத்து வீட்டுல இருக்கு. எனக்கு வேலை இருக்கு. அங்க வரது பத்தி அப்பறம் சொல்றேன்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 23

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசிய அத்தைக்கு படிச்சுக் காட்டினேன். முடிச்சதும் "ம், மேல படிங்க"ன்னா. மேல இல்லன்னேன். காகிதத்த வாங்கி பின்பக்கம் திருப்பிப் பாத்தா. நாங்க என்ன கேட்டோம்? பெரியவளுக்கு பல்லு மொளைச்சுதா, பொட்டலம் ராத்திரி தூங்குதா, யாரு தலை பின்னி விடறா? பஸ் லேட்டுன்னு போர்டுல எழுதற கணக்கா நாலு வரி எழுதினா எப்படி?

சரி. ஃபாரம் ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. "கையெழுத்து ஒத்துப்போகல"ன்னுட்டா. என்னம்மா ஒத்துப்போகல, என் மாப்பிள்ளை போட்டதுதான்னு சொன்னேன். "இருக்கலாம் சார், கார்டுல இருக்கற மாதிரி இல்ல"ங்கறா. நான் ரெண்டு மணி நேரம் நின்னது மிச்சம். புது ஃபாரம் வச்சிருக்கேன். அவசரத்துல கிறுக்காம, உக்காந்து, நிதானமா போடுங்க.

மாமா


மார்ச் 2

மாமா,

நான் கிறுக்கல. சாப்பாட்டு மேஜைய தொடச்சுட்டு உக்காந்து போட்டேன். இந்த தடவையும் அப்படித்தான். ஆறு எடத்துல.

என் வேலை என்னன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. ஃபாக்டரி ஃபாக்டரியா போய் தராசு சரியா காட்டுதான்னு பாத்து சீல் ஒட்டறவன் நான். கைரேகை பட்டா எடைக்கல்லோட எடை ஏறிடும்னு கையுறை போட்டுத்தான் தொடுவேன். அப்படிப்பட்ட கல்லையே பத்து தடவ வச்சா பத்து தடவையும் ஒண்ணு போல காட்டாது. இவ்ளோ வரைக்கும் விலகலாம்னு ஒரு அளவு வச்சிருக்கோம். மனுஷன் கைக்கு அவங்க அளவு எதுவும் வைக்கலயா? பத்து வருஷத்துக்கு முன்னால போட்ட கையெழுத்து இன்னைக்கு அச்சு மாதிரி எப்படி வரும்?

தலை நான்தான் பின்னி விடறேன். முதல் மாசம் கோணலா இருந்துச்சு. இப்ப நேரா வருது. பல்லு ஒண்ணு ஆடுது. பொட்டலம் தூங்குது, ஆனா என் சட்டைக் காலர புடிச்சுக்கிட்டுத்தான். கைய எடுத்தா எழுந்துடுது. அதனால நான் அசையறதில்ல.

இது போதுமா அத்தைக்கு?

மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

மறுபடியும் திரும்பிடுச்சு. ஆறும் ஒத்துப்போகல.

நான் இப்ப ஒண்ணு கேக்கறேன், கோவப்படாம பதில் சொல்லுங்க. இந்தப் பணம் உங்களுக்குப் புடிக்கலையா? மாமனார் காசு வேணாம்னா நேரா சொல்லிடுங்க. வேற கையெழுத்து போட்டுப் போட்டு அனுப்பி ஒரு கெழவன கவுண்டருக்கும் தபாலாபீசுக்கும் நடக்க விடாதீங்க. நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கப் போறீங்க, அதான் இங்க ஒட்டு உறவு வேணாம்னு பாக்கறீங்கன்னு எதிர்வீட்டு வக்கீல் சொல்றான். அவன் வாய நான் அடைச்சுட்டேன். அவன் சொன்னது என் காதுலேந்து போகல.

எனக்கு தெரிஞ்சே ஆகணும்னு நேத்து கவுண்டர்ல அசையாம நின்னேன். அந்தம்மா உங்க கார்ட எடுத்து ஃபாரம் பக்கத்துல வச்சு பாத்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். ஆனா டிரைவருங்க நீட்டற, பஸ் வந்து போன நேரம் எழுதின டிரிப் ஷீட்ட தலைகீழா படிச்சே சம்பளம் வாங்கினவன் நான். நல்லா பாத்தேன். கார்டுல முதல் எழுத்து பெருசா வளைஞ்சு நிக்குது. கடைசி எழுத்தோட வால் பின்னால திரும்பி வந்து, மொத்தத்துக்கும் அடியில கோடா ஓடுது. கோட்டுக்கு கீழ ரெண்டு புள்ளி, பக்கத்துல பக்கத்துல. அவ்ளோ அழகான கையெழுத்து. நீங்க இப்ப அனுப்பறது கம்பிய வளைச்சுப் போட்ட மாதிரி இருக்கு.

அந்தக் கையெழுத்த போடறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?

மாமா


மார்ச் 20

மாமா,

உங்க கடுதாசி வந்தன்னைக்கே கோவத்துல ஒரு பதில் எழுதினேன். தபால்ல போடல. கல்யாணமா? நான் பல்லு தேய்ச்சேனான்னே பாதி நாள் எனக்கு ஞாபகம் இருக்கறதில்ல. வக்கீல்கிட்ட அத சொல்லுங்க.

அப்பறம் அந்த ரெண்டு புள்ளி கண்ணுல பட்டுச்சு.

நான் என் வாழ்க்கைல கையெழுத்துக்கு கீழ புள்ளி வச்சதில்ல மாமா. வாலும் கிடையாது. நீங்க சொன்ன கம்பிதான் என் கையெழுத்து, படிச்ச காலத்துலேந்து. யோசிச்சுப் பாத்தேன். அந்த பேங்குக்குள்ள நான் காலே வச்சதில்ல. கல்யாணம் ஆன மறு வாரம் என்னை சிமெண்ட் ஃபாக்டரில லாரி எடை போடற மேடைய பாக்க அனுப்பிட்டாங்க. இருபது நாள். திரும்பி வந்தப்ப பாஸ்புக் மேஜைல இருந்துச்சு. "எல்லாம் முடிச்சாச்சு, உங்களுக்கு ஒரு வேலையும் வைக்கல"ன்னா உங்க பொண்ணு. நான் கேக்கல. எதையும் நான் கேட்டதில்ல. அவ முடிச்சுடுவா.

சந்தேகத்துக்கு பெரியவளோட ஸ்கூல் டைரிய எடுத்தேன். வாரா வாரம் 'பெற்றோர் கையொப்பம்'னு ஒரு எடம். எல்லாத்துலயும் வளைஞ்ச முதல் எழுத்து, வாலு, கோடு, ரெண்டு புள்ளி. என் பேரு.

பெரியவள கூப்பிட்டேன். "இது யாரு போட்டது?"

"அப்பா கையெழுத்து."

"நான் போடலயே."

"உங்க கையெழுத்துதான். அம்மா போடுவாங்க."

இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் மாதிரி சொல்றா. பக்கத்த திருப்பினேன். செப்டம்பர். அவ அம்மா போனது பன்னெண்டாம் தேதி. அடுத்த வாரமும் கையெழுத்து இருக்கு. அக்டோபர்ல இருக்கு. போன வாரமும் இருக்கு. வாலு, கோடு, புள்ளி.

"அப்ப இது?"

அவ கால் கட்டைவிரல பாத்தா. "இது நானு."

"ஏன் எங்கிட்ட குடுக்கல?"

"குடுத்தேன்ப்பா. ரெண்டு தடவ. நீங்க 'ம்'னீங்க. பேனாவ எடுக்கல."

"மிஸ் கண்டுபிடிக்கலையா?"

"எப்படி கண்டுபிடிப்பாங்க? நான் கரெக்டாதான போடறேன்."

கரெக்டாத்தான் போடறா மாமா. பழைய பக்கத்தையும் புது பக்கத்தையும் பக்கத்துல வச்சு பாத்தேன். எனக்கே வித்தியாசம் தெரியல. என் கையெழுத்த இந்த வீட்டுல ரெண்டு பேர் போட்டிருக்காங்க. அதுல நான் இல்ல. டைரில டீச்சர் எழுதின குறிப்பு ஏழு இருக்கு. "குழந்தை வகுப்பில் பேசுவதில்லை, ஒருமுறை வந்து பார்க்கவும்"னு ரெண்டு. அதுக்கும் கீழ என் பேர்ல கையெழுத்து, படிச்சாச்சுன்னு.

ஃபாரம் இதோட வைக்கல. என்ன போடறதுன்னு தெரியல.

மாப்பிள்ளை


மார்ச் 28

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசிய நாலு தடவ படிச்சேன். அத்தைக்கு பாதிதான் படிச்சுக் காட்டினேன். மீதிய அவளே வாங்கிப் படிச்சுட்டா.

முதல்ல வக்கீல் சொன்னத எழுதினதுக்கு என்னை திட்டிக்குங்க. ரெண்டாவது, அந்தக் கார்டுக்கு காரணம் நான்தான். நீங்க எழுதின அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு சனிக்கிழம. பேங்க் பன்னெண்டு மணிக்கு மூடிடும். அவ ஃபாரத்த கைல வச்சுக்கிட்டு "அவர் வரட்டும்ப்பா, அடுத்த மாசம் குடுக்கலாம்"னா. நான்தான் வாசல்ல வாட்ச பாத்துக்கிட்டு கத்தினேன். "பதினொண்ணு நாப்பது! உன் புருஷன் கையெழுத்து என்ன கவர்னர் கையெழுத்தா? ஏதாவது போட்டு எடுத்துட்டு வா." உள்ள போய் அஞ்சே நிமிஷத்துல வந்தா. நான் என்னன்னு பாக்கல. பதினொண்ணு அம்பத்திரெண்டுக்கு கவுண்டர்ல குடுத்தோம். டயத்துக்கு முடிச்சுட்டோம்னு எனக்கு அன்னைக்கு ஒரே பெருமை.

ஒண்ணு தோணுது, சொல்றேன். பெரியவதான் அச்சு அசலா போடறாளே. அவளையே ஃபாரத்துல போடச் சொல்லுங்க. ஒத்துப்போச்சுன்னா வேலை முடிஞ்சுது. யாரு போட்டா என்ன?

இல்ல. வேணாம். மேல இருக்கற வரிய அடிச்சுட்டதா வச்சுக்குங்க. அத்தை இந்தப் பக்கத்த கிழிக்கப் போனா, நான்தான் காகிதம் வீணாகுதுன்னு தடுத்தேன். ஒன்பது வயசுப் புள்ள இதுவரைக்கும் போட்டதே போதும்ங்கறா. சரிதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. உங்க ஊர்லயே பேங்க் இருக்கு, எனக்குத் தெரியாதா? அங்கயே தொறந்து பணத்த அனுப்பியிருக்கலாம். இங்க தொறந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எதுக்காவது வருவீங்கன்னு ஒரு கணக்கு போட்டேன். பாஸ்புக் பதிய, பேர் திருத்த, ஏதோ ஒண்ணு. வான்னு கூப்பிட்டா நீங்க 'அப்பறம்'னுதான் சொல்வீங்க. பேங்க் கூப்பிட்டா வந்துதான ஆகணும். அந்தக் கணக்குலதான் இவ்ளோ நடை நடந்தேன்.

மாமா


ஏப்ரல் 7

மாமா,

ஸ்கூல்ல போய் டீச்சர பாத்துட்டு வந்தேன். அதுக்கு முன்னால நடந்தத கேளுங்க. டைரில இந்த வாரம் நானே என் சொந்தக் கையெழுத்த போட்டு அனுப்பினேன். மறுநாள் சிவப்பு இங்க்ல குறிப்பு வருது. "தந்தையின் கையொப்பம் மாறியுள்ளது. குழந்தை தானே போட்டதா?" முதல் தடவையா நிஜமா போட்டேன், அதுதான் கள்ளக் கையெழுத்தாம். பெரியவ படிச்சுட்டு சிரிச்சா. எத்தன மாசம் ஆச்சோ அந்தச் சத்தம் கேட்டு. நானும் சிரிக்கப் பாத்தேன். எனக்கு வரல. ஆனா பக்கத்துல உக்காந்திருந்தேன்.

டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க தண்ணி குடுத்தாங்க. பெரியவள பத்தி அரைமணி நேரம் பேசினாங்க. நான் 'ம்' மட்டும் சொல்லாம கேள்வி கேட்டேன்.

உங்க பொண்ணோட புள்ளி வச்ச கையெழுத்த நானும் போட்டுப் பாத்தேன். பொய் சொல்லல. ஒரு நோட்டுல பக்கம் பக்கமா. வாலு வந்துடுச்சு. கோடும் வந்துடுச்சு. எட்டாவது பக்கத்துல கவுண்டர் அம்மாவே ஏமாந்திருப்பாங்க. ஃபாரத்துல போட பேனாவ வச்சப்ப பெரியவ பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தா. "இப்ப நீங்களும் அம்மா மாதிரியே போடறீங்க, அப்ப உங்களுது யாரு போடுவா?"ன்னு கேட்டா. பேனாவ மூடிட்டேன்.

நேர்லயே வரோம். பதினேழாம் தேதி. பதினாறு சாயங்காலம் பஸ் இறங்கறோம். கார்ட மாத்தி என் கையெழுத்த குடுத்துட்டு, ரெண்டு ஃபாரமும் போட்டுட்டு, மறுநாள் காலைல கிளம்பறோம். லீவு ரெண்டு நாள்தான் கேட்டிருக்கேன். அதுக்கு மேல அந்த வீட்டுல இருக்க முடியுமான்னு எனக்குத் தெரியல, அதனால கேக்காதீங்க. அவ ரூமுல எங்களப் படுக்க வைக்காதீங்க. கூடத்துல போதும்.

பழைய கார்ட அவங்க என்ன பண்ணுவாங்கன்னு விசாரிச்சு வைக்க முடியுமா? கிழிப்பாங்கன்னா நான் வெளில நிக்கும்போது கிழிக்கச் சொல்லுங்க.

மாப்பிள்ளை


ஏப்ரல் 21

மாப்பிள்ளைக்கு,

நல்லபடியா போய்ச் சேந்தீங்களா? பொட்டலம் பஸ்ல வாந்தி எடுத்துச்சா? அத்தை குடுத்த துணிப்பைல வைக்காம பொட்டலத்தோட சின்னச் சட்டை ஒண்ணு இங்கயே விட்டுப்போச்சு. தோச்சு காயப்போட்டிருக்கா. எடுத்து மடிக்க மாட்டேங்கறா. மூணு நாளா கொடிலயே இருக்கு.

கார்ட கிழிக்கல, நீங்களே பாத்தீங்க. குறுக்க ஒரு கோடு, தேதி, அவ்ளோதான். ஃபைல்லயே இருக்கும்னு அந்தம்மா சொன்னப்ப நீங்க தலையாட்டினீங்க. கார்ட கைல வாங்கி ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட் வச்சிருந்தீங்க. நான் வாட்ச பாக்கல. ஆனா எனக்குத் தெரியும். பின்னால வரிசைல நின்னவன் முணுமுணுத்தான். அவன நான் பாத்த பார்வைல அடுத்த கவுண்டருக்குப் போயிட்டான்.

இப்ப ஒரு எரிச்சலான விஷயம். பொட்டலத்தோட பாஸ்புக்க எடுத்துப் பாருங்க. முதல் பக்கத்துல அந்தம்மா கையால எழுதின பிறந்த வருஷம். எண்ண மாத்தி எழுதித் தொலைச்சிருக்கா. அதன்படி பாத்தா பொட்டலம் எனக்கு நாலு வயசு மூத்தவ. நான் இனிமே அவள அக்கான்னுதான் கூப்பிடணும். நேத்து போய் சத்தம் போட்டேன். திருத்தணும்னா கார்டியன் அசல் சான்றிதழோட நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமாம். அடுத்த மாசத்துக்குள்ள.

உங்களுக்கு லீவு கிடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதனால உள்ளத சொல்லிடறேன். அந்தத் தப்ப நான் நேத்து பாக்கல. பதினேழாம் தேதி கவுண்டர்ல, அவ எழுதிக்கிட்டிருக்கும்போதே பாத்துட்டேன். தலைகீழாதான். இங்க் கூட காயல. வாயத் தொறந்திருந்தா அப்பவே அடிச்சு எழுதியிருப்பா. தொறக்கல. டெப்போவுல இருந்த வரைக்கும் பஸ் நேரத்துல ரெண்டு நிமிஷத் தப்ப கூட நான் மறைச்சதில்ல மாப்பிள்ளை. வயசான காலத்துல இத பண்ணிட்டேன். அத்தைகிட்ட சொன்னேன். திட்டுவான்னு நெனச்சேன். காபிக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரை அதிகமா போட்டுக் குடுத்தா.

கோவமா இருந்தா எழுதுங்க.

மாமா


ஏப்ரல் 29

மாமா,

கோவம் இருக்கு. ஒன்பது மணி நேர பஸ். பொட்டலம் ரெண்டு தடவ வாந்தி எடுத்துச்சு. எடுத்துச்சான்னு கேட்டீங்கள்ல.

கவுண்டர் அம்மாவ இனிமே சத்தம் போடாதீங்க, பாவம். எண்ண சரிபாக்கறதுதான் என் வேலை. ஒரு எண் இடம் மாறினா மத்தவங்களுக்கு முன்னால என் கண்ணுல படும். அந்தம்மா எழுதி முடிச்சு பாஸ்புக்க இந்தப் பக்கம் திருப்பி வச்சப்பவே பாத்துட்டேன். நீங்க பாக்கலைன்னு நெனச்சு, திருத்தச் சொல்லாம மூடி பைல வச்சுக்கிட்டேன்.

மே எட்டாம் தேதி வரோம். பேங்க்ல பத்து நிமிஷ வேலை. ஒரு வாரம் லீவு எழுதிக் குடுத்திருக்கேன். அந்தச் சட்டை கொடிலயே இருக்கட்டும்னு அத்தைகிட்ட சொல்லுங்க, வந்து போட்டுக்கும்.

மாப்பிள்ளை